நான்கு விரற்கடை

எங்கள் ஊரில் ஒருவருக்காக இன்னொருவர் பேசினால், யாருக்காகப் பேசினார்களோ அவர் நான்கு விரற்கடை குள்ளமாகிவிடுவார். புரட்சி வந்ததிலிருந்து அப்படித்தான். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மக்களுக்காகக் கட்சி பேசியது. நாள் தவறாமல் ஒலிபெருக்கியில் பேசியது. வாசல் நிலைகளையெல்லாம் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. தச்சர்களுக்கு நல்ல வேலை. பஞ்சாலையில் ஆளுக்கொரு முக்காலி கொடுத்தார்கள். அதைச் சாதனை என்று மேடையில் சொன்னார்கள், முக்காலிகளை இன்னும் கொஞ்சம் உயரமாகச் செய்ய வேண்டியதாயிற்று.

இளம்பரிதி கவிஞன். பேச முடியாத சனங்களுக்கு வாயாக இருப்பதுதான் கவிஞன் வேலை என்று நம்பினான். ஒப்புக்கு நம்பவில்லை, பாவம், தூக்கம் கெட்டு நம்பினான். ஆனால் அவனுக்கு வாயாக இருந்தவள் அவன் அம்மா சொர்ணத்தாய். அவனுக்கு எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் அவள்தான் சொல்வாள். அவனுக்குப் பொதுவுடைமையில் பிடிப்பு உண்டு என்று கட்சி அலுவலகத்திலும் அவள்தான் சொன்னாள். வளர்ந்த பிள்ளை அவள் இடுப்புயரத்துக்கு வந்துவிட்டான்.

ஊரிலேயே உயரமானவள் சொர்ணத்தாய்தான். ஒலிபெருக்கி பேசும்போது கூடவே அவளும் பேசிக்கொண்டிருப்பாள். கட்சியின் பேச்சு அவள்மேல் பலிக்கவில்லை.

மே தினத்தன்று இளம்பரிதி பஞ்சாலைத் தொழிலாளி சுடலைமணியின் கைகளைப் பற்றி ஒரு கவிதை படித்தான். நல்ல கவிதை. கூட்டம் கை தட்டத் தட்ட, முன்வரிசையில் இருந்த சுடலைமணி நான்கு விரற்கடை இறங்கினான். அவன் சண்டைக்கு வரவில்லை. ஒண்டிக்கட்டை, தினமும் சொர்ணத்தாய் வீட்டில் சாப்பிடுகிறவன்.

"நல்லாத்தான் இருந்துச்சு தோழர். ஆனா நான் அப்படிச் சொல்லலையே. மைக்க இங்க குடுங்க, நானே சொல்லிக்கிடுதேன்" என்றான்.

மைக்கை வாங்கி, முக்காலி வேண்டாம், சம்பளம் வேண்டும் என்றான். அவ்வளவுதான் பேசினான். பேசும்போதே வளர்ந்தான். தனக்காகத் தானே பேசினால் வளரும் என்பது ஊருக்குத் தெரியும். வளர்ந்தவன் தலை மதிலுக்கு மேலே தெரியும் என்பதும் தெரியும். மறுநாள் சுடலைமணி இல்லை. அவன் சாப்பிடும் தட்டைச் சொர்ணத்தாய் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

இளம்பரிதிக்கு வெட்கமாக இருந்தது. இனி யாருக்காகவும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தான். ஒரே வரியில் ஒரு கவிதை எழுதி ஆலைச் சுவரில் ஒட்டினான். 'சுடலைமணி எங்கே?'

வெள்ளிக்கிழமை சுயவிமர்சனக் கூட்டத்துக்கு அவனை அழைத்தார்கள். சொர்ணத்தாய் அவன் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். தூக்குவாளியில் ரசம் சாதம் எடுத்துக்கொண்டாள்.

"நான் ஒருத்தனாப் போறேன்மா."

"அவனுக்குத் தனியாப் போகப் பயம்" என்றாள் எதிர்வீட்டுக்காரியிடம். அவன் நான்கு விரற்கடை இறங்கினான்.

கட்சி அலுவலகத் தாழ்வாரம் ஆளின் உயரம் குறையக் குறைய நீளும். அவனுக்கு அது நடக்க நடக்க நீண்டுகொண்டே போனது. அம்மா நாலு எட்டில் போய்ச் சேர்ந்து, அவனுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தலைவர் தோழர் நம்பிராஜனுக்காக மேலிடம் பேசும். அதனால் மேசைக்கு மேலே அவர் நெற்றி மட்டும் தெரிந்தது. இளம்பரிதியைத் தூணோரம் நிறுத்தி, தலைக்கு நேராகக் கரியால் கோடு போட்டார்கள். அது நடைமுறை.

"சுவர்ல முழங்கால் உயரத்துல ஒட்டியிருக்கு. உயரமானவங்க ஒட்டலை" என்றது நெற்றி. "எழுதினது யாரு?"

இளம்பரிதி வாயைத் திறந்தான். வாழ்நாளில் அந்த ஒரு பதிலை மட்டுமாவது தானே சொல்ல ஆசைப்பட்டான்.

"நான்தான்யா எழுதுனேன்" என்றாள் சொர்ணத்தாய். "குனிஞ்சு ஒட்டுனேன். இன்னும் இடுப்பு வலிக்கி."

"அம்மா, சும்மா இரு."

"நீ சும்மா இருல. நான் கேக்கேன். சுடலைமணி எங்க? ஒரு வாரமா அவன் தட்டு கவுந்து கெடக்கு. சாப்ட்டானா, இல்லையா? அதச் சொல்லுங்க மொதல்ல."

எல்லோரும் தூணைப் பார்த்தார்கள். இளம்பரிதியின் தலை கரிக்கோட்டிலேயே இருந்தது. ஒரு மயிரிழை இறங்கவில்லை.

"அளவு குறையலை" என்றது நெற்றி. "அப்போ இவங்க மகனுக்காகப் பேசலை. தனக்காகத்தான் பேசுதாங்க."

அதற்குமேல் விசாரிக்க ஒன்றும் இல்லை. இரண்டு பேர் வந்தார்கள். சொர்ணத்தாய் உத்தரத்தில் தலை படும் அளவுக்கு வளர்ந்திருந்தாள். பொய் சொன்னதால் அல்ல. அந்தக் கேள்வி அவளுடையதாகவும் இருந்தது. இளம்பரிதிக்கு ஆத்திரமாக வந்தது. கைதாகும் பாக்கியத்தைக்கூட அவள் அவனுக்கு விட்டுவைக்கவில்லை. ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அவ்வளவு உயரம்தான் அவனுக்கு எட்டியது.

அவள் குனிந்து தூக்குவாளியை அவன் கையில் கொடுத்தாள். "ஆறிப்போவும். இப்பவே சாப்பிடு" என்றாள். தாழ்வாரம் அவளுக்குக் குட்டையாக இருந்தது. சட்டென்று முடிந்துவிட்டது.

"தோழர் எதுவும் சொல்லணுமா?" என்றது நெற்றி.

அம்மா சொல்லட்டும் என்று இளம்பரிதி பழக்கதோஷத்தில் காத்திருந்தான்.

"எங்க அம்மா எங்க?" என்றான்.

"இப்பத்தானப்பா போனாங்க."

"சரி. எங்க?"

நெற்றி மேசைக்குக் கீழே போய்விட்டது. இளம்பரிதி தூணைப் பார்த்தான். கரிக்கோடு அவன் தோளுக்கு நேராக இருந்தது. சட்டை இறுக்கியது. மறுபடியும் கேட்டான். நாளைக்கும் வந்து கேட்பேன் என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியோடு கிளம்பினான்.

வெளியே வரும்போது வாசல் நிலை தலையில் நன்றாக இடித்தது. சின்ன வயதில் எங்கே இடித்துக்கொண்டாலும் அம்மா உள்ளங்கையை வாயருகே வைத்து ஊதி, அந்தச் சூட்டை அங்கே வைத்துத் தேய்ப்பாள். இளம்பரிதி கொஞ்ச நேரம் தலையைக் குனிந்தபடி நின்றான். பிறகு தன் உள்ளங்கையில் தானே ஊதித் தேய்த்துக்கொண்டான்.