அரை மில்லிமீட்டர்

அப்பா போனபின் அவள் பங்குக்கு வந்தது ஒரு காகித உறை. 'மகளுக்கு' என்று அவர் கையெழுத்து. உள்ளே சதுரத் துளையுள்ள சீனக் காசு. அவர் சேகரிப்பிலேயே அரியது, யாரையும் தொடவிடாதது. மற்றதெல்லாம் அண்ணனுக்கு.

பிள்ளைகள் இருவரும் இரண்டு கண்கள் என்பார் அப்பா. எதில் வெண்ணெய், எதில் சுண்ணாம்பு என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கடைசியில் ஏறெடுத்துப் பார்த்துவிட்டாரே.

கையேடு ஒன்று வாங்கினாள். எழுத்துகளை மேல், கீழ், வலம், இடம் என்று படிக்கக் கற்றாள். எந்த அரசரின் காசு என்று கண்டுபிடிக்க நான்கு நாள். இந்த வாஷரைக் கடையில் கிலோ கணக்கில் கொடுப்பார்களே என்றான் கணவன். தேய்மானம், விளிம்பிலிருந்த சின்ன வெட்டு, பச்சைக் களிம்பு எல்லாம் பார்த்து, தன் நோட்டில் 'தரம்: நன்று' என்று எழுதினாள். அண்ணனிடம் இரவல் வாங்கிய அப்பாவின் நோட்டிலும் 'நன்று'. வாழ்க்கையில் முதல்முறையாக அவளும் அப்பாவும் ஒத்துப்போயிருந்தார்கள்.

விட்டம் மட்டும் ஒத்துப்போகவில்லை. அவர் எழுதியது 25.2. அவள் வெர்னியர் அளவுகோல் காட்டியது 24.7 மில்லிமீட்டர்.

வார்ப்புப் பட்டறையில் உருப்படிகளை அளப்பதுதான் அவள் வேலை. மூன்று முறை அளந்தாள். ஒரு காசை மண்ணில் பதித்து, அந்த அச்சில் உலோகம் ஊற்றினால் ஆறும்போது சுருங்கும். விளிம்பில் உள்ள வெட்டு உட்பட எல்லாம் அப்படியே வரும், அளவு வராது.

வெர்னியரோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அப்பா எனக்குன்னு குடுத்த ஒண்ணைக்கூட விட்டு வைக்கலையாண்ணா?"

அவன் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து 'மகனுக்கு' என்றிருந்த உறையை எடுத்துவந்தான். உள்ளே அதே காசு, அதே வெட்டு. அளந்தாள். 25.2. கூடவே அப்பா எழுதிய துண்டுச்சீட்டு: 'நகல் ஒன்று எடுத்தது. மகளுக்கு. சொல்ல வேண்டாம்.' பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி.

"நீ அளந்து பாப்பேன்னு அவர் நினைக்கல," என்றான்.

அவள் வெர்னியரை மூடிப் பையில் வைத்தாள்.

"வேணும்னா மாத்திக்கோம்மா."

"உறையையும் மாத்தித் தருவியா?"

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தாள். போலிக்குத் தரம் போடுவதில்லை என்றது கையேடு. 'நன்று' என்பதை அடித்தாள். விட்டம் சரியாக இருந்தது. அதை விட்டுவைத்தாள்.