அல்மா முகர்ந்த வழி

கதவைத் திறந்தபோது ஃபிராவுக்கே தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றாள். எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவள். வேட்டை உரிமம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. முந்தைய நாள் இருட்டுகிற நேரத்தில் சோலிங் காட்டில் ஒரு பெண்மானைச் சுட்டிருக்கிறாள். குண்டு பட்டது, மான் விழவில்லை.

"வயித்துல பட்டிருக்கும் கெஸீனா. ராத்திரி பூரா கண்ணே மூடல. வோல்க்மார் வருவாரா?"

என் கணவர் வோல்க்மார் சோபாவில் மாவுக்கட்டுக் காலோடு கிடந்தார். பக்கத்தில் அல்மா. காயம்பட்ட விலங்கைத் தேடுவதற்கென்றே எங்கள் பக்கம் வளர்க்கிற ஹனோவர் மோப்ப நாய். செம்பழுப்பு உடம்பு, ஓயாமல் எதையோ யோசித்துக் கவலைப்படுவதுபோல் சுருங்கிய நெற்றி. இந்த வகை நாய் ஒரே ஒரு ஆளைத்தான் மனதில் வைக்கும். அல்மாவுக்கு அது வோல்க்மார். நான் சோறு போடுகிறவள், அவ்வளவுதான்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"உன்கூட வேலை செய்யாது. நீ வேற பேசிட்டே இருப்ப."

"அங்க ஒரு உசுரு துடிச்சிட்டுக் கிடக்கு. நீ பெருமை பேசிட்டிரு."

அவர் அலமாரியிலிருந்த அகலமான தோல் கழுத்துப்பட்டையையும் நீளக் கயிற்றையும் எனக்குக் காட்டினார்.

காட்டில், குண்டு பட்டபோது மான் நின்ற இடத்தில், அல்மா வோல்க்மாரை எதிர்பார்த்து நாங்கள் வந்த காரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. கெஞ்சினேன், அதட்டினேன், அசையவில்லை. சொல்வதற்கு இனி ஒன்றுமில்லை என்று ஆனபோது நானும் ஈரச் சருகில் உட்கார்ந்தேன். ஃபிராவுக்கே ஈரல் தடவிய ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள். இருவரும் பேசாமல் மென்றோம். அப்போது அல்மா தானாக எழுந்து மூக்கைத் தரையில் பதித்தது. கயிறு என் கையில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"அந்தப் பக்கம் இல்ல! மேட்டுலதான் ஏறிச்சு, நானே பார்த்தேன்" என்றாள் ஃபிராவுக்கே.

கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். அல்மா திரும்பி என்னைப் பார்த்தது. கோபமில்லை, பொறுமைதான், ஆனால் எனக்குக் கூச்சமாகிவிட்டது. கயிற்றைத் தளர்த்தினேன். முள்ளுக்குள் தவழ்ந்து, பள்ளத்தில் சறுக்கி அதன் பின்னால் போனேன். ஓடைக்கரையில் தடம் விட்டுப்போனது. அல்மா அவசரப்படவில்லை. பின்வாங்கி, முகர்ந்த இடத்தையே மறுபடி முகர்ந்து, தண்ணீரைக் கடந்தது.

சாய்ந்து கிடந்த பீச் மரத்தடியில் மான் தலையை மட்டும் தூக்கியது.

ஃபிராவுக்கே துப்பாக்கியைத் தோளில் பதித்தாள். "மூச்ச விட்டுட்டுச் சுடு" என்றேன். சுட்டாள். காடு அமைதியானது. அவள் மானின் அருகே மண்டியிட்டு வெகுநேரம் அதன் கழுத்தில் கை வைத்திருந்தாள். பிறகு, மானைக் கண்டுபிடித்துக் கொடுத்தவருக்குத் தொப்பியில் செருகத் தரும் வேட்டைக்காரர் வழக்கப்படி, ஒரு தளிர்க்கிளையை ஒடித்து என்னிடம் நீட்டினாள். செருகிக்கொள்ள என்னிடம் தொப்பி இல்லை. அல்மாவின் பட்டையில் செருகினேன்.

வோல்க்மார் ஊன்றுகோலோடு வாசல்கேட்டுக்கே வந்து நின்றிருந்தார். கிளையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே கொஞ்சம் வாடவும் செய்தது.

"என்னைத் தேடவே இல்லையா?"

"தேடிச்சு. அப்புறம் வேலையப் பார்க்கப் போயிடுச்சு."

"நீ பேசலியா?"

"வாயில ரொட்டி இருந்துச்சு."

அவர் சிரித்தார். மத்தியானம் கட்டுக்காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, அல்மாவின் தொங்கு காதில் ஒன்றை மடித்துப் பிடித்துக்கொண்டார். நான் வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து உள்ளே அப்பியிருந்த சேற்றைத் துடைத்தேன். அது முடிந்ததும், கண்ணைத் திறக்காமலே, அல்மா மறு காதைத் தூக்கி என் மடியில் போட்டது.