சுற்றிப் பார்க்கப் போனவர்

மைத்துனன் விமானம் ஏற ஒன்பது நாள்தான் இருந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அரசு நடத்தும் ஒருநாள் வகுப்புக்குப் போய்விட்டு வாடா என்று அவனுடைய அக்கா நச்சரித்தாள். துணைக்கு அவள் புருஷனையே அனுப்பினாள். தெருவே 'ஃபாரின்காரர்' என்று கூப்பிடும் ஆள் அவர். ஒன்றரை வருடம் வெளிநாட்டில் டைல்ஸ் ஒட்டிவிட்டு வந்து, அதைப் பற்றி நான்கு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார். கேட்க ஒரு காது கிடைத்தால் போதும், கையிலிருக்கும் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாது.

வகுப்பு மாடியில் நடந்தது. முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், பேருக்குச் சுற்றும் ஒரு மின்விசிறி. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள் என்று டீச்சர் சொல்லச் சொல்ல, கடைசி வரிசையில் ஃபாரின்காரர் கொட்டாவி விட்டார். அவரவர் விசா தாளை டீச்சர் வாங்கிப் பார்க்கத் தொடங்கியதும் கொட்டாவி பாதியில் நின்றது.

"தம்பி, இது சுத்திப் பாக்கப் போற விசா. இதுல வேலை செய்யக் கூடாது. பிடிச்சிருவாங்க."

"அங்க போய் மாத்திக்கலாம் டீச்சர்," என்றான் மைத்துனன். "எங்க மாமாவை அனுப்பினதும் இதே ஏஜென்ட்தான். பத்தே நாள்ல மாத்திக் குடுத்துட்டாங்க. சொல்லுங்க மாமா."

அத்தனை தலைகளும் திரும்பின. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் தப்பிவிடும், பையன் போய் மாட்டிக்கொள்வான். அவனோ பெருமை பொங்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"மாத்தலைங்க," என்றார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்றார் டீச்சர்.

"மாத்தவே இல்லைங்க. இறங்கினதும் பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க. கட்டிட்டிருந்த பில்டிங்லயே வேலை, அங்கயே படுக்கை. சோதனைக்கு ஆள் வந்தா எங்களைக் குளியலறைக்குள்ள தள்ளி, டைல்ஸ் ஒட்டின பலகையை வாசல்ல சாத்திருவாங்க. வெளியிலேருந்து பாத்தா செவுரு மாதிரியே இருக்கும். அந்தப் பலகையில டைல்ஸ் ஒட்டிக் குடுத்ததே நான்தான். ஒருநாள் உள்ள ஒருத்தனுக்கு இருமல் வந்திருச்சு. மூணு மாசம் ஜெயில். திருப்பி அனுப்பிட்டாங்க. வீட்ல வேலை முடிஞ்சிருச்சுன்னு சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. கூனிக் குறுகி உட்கார்ந்தார். டீச்சர் மைத்துனனுடைய விசா தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஏஜென்ட் மேல் எங்கே புகார் கொடுப்பது என்று எழுதிக் கொடுத்தார்.

மாடிப்படியில் மைத்துனன் நின்றான்.

"டீச்சர் தாளை வாங்கிப் பாக்கலன்னா, என்னை ஏர்போர்ட்ல கொண்டுபோய் விட்டுட்டு டாட்டா காட்டியிருப்பீங்க. அப்படித்தான?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். இன்னொரு பொய்க்குத் தெம்பில்லை.

"காட்டியிருப்பேன்டா. வெட்கம். வேற என்ன சொல்ல?"

டீச்சர் எழுதிக் கொடுத்த சீட்டை மைத்துனன் மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன் மாமா."

சொல்லிவிட்டு முன்னால் இறங்கிப் போனான். இவ்வளவுக்குப் பிறகும் அவன் மாமா என்றுதான் கூப்பிட்டான் என்பது உறைத்தபோதுதான் அவருக்கு அழுகை வந்தது.