எல்லய்யாவின் முதுகில் இருந்த குண்டு

முதல் பத்து நிமிடத்திலேயே லூர்துமேரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதன்பிறகு மூன்று நாள் அவள் செய்ததெல்லாம், தன் கண்ணைத் தானே குறுக்கு விசாரணை செய்துகொண்டதுதான்.

ஹைதராபாத் தடயவியல் ஆய்வுக்கூடத்தில் துப்பாக்கிக் குண்டுகளைப் பார்ப்பது அவள் வேலை. கம்பாரிசன் மைக்ரோஸ்கோப்பில் இரண்டு மேடைகள். இடது மேடையில், எம்.எல்.ஏ. எல்லய்யாவின் முதுகிலிருந்து டாக்டர்கள் எடுத்த குண்டு. வலது மேடையில், போலீஸ் கைப்பற்றி அனுப்பிய தமஞ்சாவால் அவளே சுட்டு எடுத்த குண்டு. எங்கோ ஒரு கொட்டகையில் வெல்டிங் வைத்துச் செய்த கள்ளத்துப்பாக்கி அது. கையில் பிடித்துச் சுட்டால் வெடித்து விரலைக் கொண்டுபோய்விடும். அதனால் அதை இடுக்கியில் மாட்டி, விசையில் கயிறு கட்டி, சுவருக்குப் பின்னால் நின்று இழுத்திருந்தாள். குண்டு தண்ணீர்த் தொட்டியின் அடியில் போய் மீன் போலப் படுத்துக்கொண்டது.

கண்ணை வைத்தால் இரண்டு குண்டுகளும் ஒரே வட்டத்துக்குள், நடுவில் மெல்லிய கோடு பிரிக்க, அடுத்தடுத்த வீடுகளாகத் தெரியும். ஒரே துப்பாக்கியில் பிறந்தவை என்றால் இந்த வீட்டுக் கீறல் கோட்டைத் தாண்டி அந்த வீட்டுக்குள் ஓடும். இங்கே எதுவும் ஓடவில்லை. எல்லய்யாவைக் கொன்ற குண்டு தோள்பட்டை எலும்பில் மோதி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நசுங்காத பக்கத்தில் வலப்புறம் சாய்ந்து ஒரே அகலத்தில் மூன்று பள்ளங்கள். அகலத்தை அளந்து கணக்குப் போட்டால் சுற்றிலும் ஆறு. தொழிற்சாலையில் செய்த ஒன்பது எம்.எம். பிஸ்டலின் குழலுக்குள்தான் அப்படி முறுக்குப் பள்ளம் வெட்டியிருக்கும். தமஞ்சாவின் குழல் ஏதோ லாரியின் ஸ்டியரிங் குழாய்த் துண்டு. உள்ளே ஒரு பள்ளமும் கிடையாது; வெல்டிங் பிசிறு போடும் கீறல்கள்தான்.

ஆகவே இந்தத் துப்பாக்கி எல்லய்யாவைக் கொல்லவில்லை. கொன்றிருக்க முடியாது.

ஆனால் அதை வைத்திருந்ததாகச் சொல்லி யாதகிரியை ஜெயிலில் போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. கச்சிபௌலியில் பஞ்சர் கடை வைத்திருந்தவன். சாலையை அகலப்படுத்தும்போது கடை போய்விட்டது. அந்த ஆத்திரத்தில் ஒரு கூட்டத்தில் எல்லய்யாவைப் பார்த்து, "உன்னை சுட்டுடுவேன்டா" என்று கத்தியிருக்கிறான். டி.வி.க்காரர்கள் அந்த ஒரு வாக்கியத்தை மணிக்கு நாலு தடவை போட்டார்கள். ஏரிக்கரையைக் கண்ணாடிக் கட்டடம் கட்டத் தரமாட்டேன் என்று எல்லய்யா இரண்டு வருடமாகப் பேசிவந்ததை ஒருவரும் போடவில்லை. மேடையில் அவர் விழுந்தபோது அவருக்குப் பின்னால் இரண்டடியில் நின்றிருந்தது, அவருக்கு அரசாங்கம் கொடுத்த கன்மேன். இடுப்பில் ஒன்பது எம்.எம். பிஸ்டல்.

நாலாம் நாள் டைரக்டர் சாரங்கபாணி கூப்பிட்டு அனுப்பினார். பாதுகாப்புத் துறையிலிருந்து இந்த ஆய்வுக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தவர், ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு. ஆபீசில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்றே பேர் என்பதால் மற்றவர்கள் அவர்களை 'அரவ கேங்', அதாவது தமிழ்க் கும்பல், என்று கிண்டல் செய்வார்கள். அவர் அறையில் இந்தக் கேஸை விசாரிக்கும் டி.எஸ்.பி. நரசிங் ராவ் உட்கார்ந்திருந்தார். சித்தூரில் எட்டு வருடம் இருந்ததால் அவருக்கும் தமிழ் வரும்.

"உக்காருங்கோ லூர்துமேரி," என்றார் டைரக்டர். "குண்டு ரொம்ப நசுங்கியிருக்காமே?"

"ஒரு பக்கம் சார். இன்னொரு பக்கம் நல்லாருக்கு. மேட்ச் இல்ல."

"மேட்ச்சுன்னு எழுதுங்கன்னு யாராவது சொன்னாங்களா மேடம்?" என்று டி.எஸ்.பி. சிரித்தார். "நாங்க பொய் எழுதச் சொல்ற ஆளுங்களா?"

"அதேதான்," என்றார் டைரக்டர். "வழக்கமா எழுதறதுதானே. குண்டு சிதைந்திருப்பதால் திட்டவட்டமான கருத்து கூற இயலவில்லை. அவ்வளவுதான். மிச்சத்த கோர்ட் பாத்துக்கும்."

அந்த வாக்கியம் லூர்துமேரிக்குப் புதிதில்லை. சந்தேகம் இருக்கும்போது எழுதுவது. சில சமயம் வேலை குவிந்திருக்கும்போதும் எழுதுவது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு கேஸில் இன்னும் அரை நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு அடுத்த கேஸின் கட்டைப் பிரித்தாள். அந்த ஆள் மூன்று வருடம் உள்ளே இருந்துவிட்டு விடுதலையானான். அவன் மனைவி அதற்குள் வேறு வாழ்க்கைக்குப் போயிருந்தாள். கோர்ட் வராந்தாவில் யாரோ இதைக் கதையாகச் சொல்லக் கேட்டபோது, அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"கருத்து இருக்கு சார்," என்றாள். "இருக்கறத இல்லன்னு எழுத மாட்டேன்." டி.எஸ்.பி. பக்கம் திரும்பினாள். "கன்மேனோட பிஸ்டல அனுப்புங்க. அதையும் சுட்டுப் பாத்துடறேன்."

டி.எஸ்.பி.யின் சிரிப்பு அப்படியே நின்றது. "அது ரிப்பேருக்குப் போயிருக்கு."

"எப்ப போச்சு?"

"லூர்துமேரி," என்றார் டைரக்டர், தலையைப் பிடித்துக்கொண்டு. "நீங்க போங்கோ."

மறுநாள் காலை லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் கணவன் கோபி இட்லித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், முதல் ஷிப்டு போகவேண்டியவன். மகள் ஜெஸ்ஸி மாதாப்பூர் போகும் கம்பெனி கேபுக்காக வாசலில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றாள்.

"டிரான்ஸ்ஃபர் பண்ணுவாங்களா?" என்றான் கோபி.

"ஸ்ரீகாகுளத்துல புதுசா ஒரு கிளை தொறக்கறாங்களாம். அங்கதான் போடுவாங்க." மாநிலம் இன்னும் பிரியாத காலம்; ஸ்ரீகாகுளம் அதன் மறுகோடி.

"மம்மி, அக்கட பீச் உந்தி கதா," என்றாள் ஜெஸ்ஸி. "லைட் தீஸ்கோ." அங்கே பீச் இருக்கிறதே, பெரிதாக எடுத்துக்காதே என்பதை அவள் தெலுங்கில்தான் சொல்வாள்.

"உனுக்கு பீச். எனுக்கு இட்லி," என்றான் கோபி. "இங்கன்னா நான் வார்ப்பேன். டெய்லி ஸ்ரீகாகுளம் வந்து வார்க்க முடியுமா?"

"அப்ப எழுதிடட்டுமா, இயலவில்லன்னு?"

அவன் இட்லியை ஒவ்வொன்றாகப் பெயர்த்தான். "அந்த பஞ்சர் கடைக்காரனுக்கு யாரு இட்லி வார்க்கறா?" என்றான் கடைசியில். கேப் ஹாரன் அடித்தது.

கோர்ட்டில் காட்டவேண்டும் என்று போலீஸ் தமஞ்சாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனது. ஒரு வாரத்தில் இன்னொரு கட்டு வந்தது. அரக்கு முத்திரை புத்தம்புதிதாக மினுங்கியது. உள்ளே இரண்டாவது குண்டு: சம்பவம் நடந்து பதினைந்து நாள் கழித்து, மேடைப் பலகையைத் தோண்டி எடுத்ததாம். அவர்களுடைய திட்டம் எளிமையானது. முதல் குண்டு நசுங்கிவிட்டது, கருத்து இல்லை. இரண்டாவது குண்டு யாதகிரியின் தமஞ்சாவிலிருந்து வந்தது. ஆகவே சுட்டவன் யாதகிரி.

லூர்துமேரி அதை மேடையில் வைத்துக் கண்ணைப் பொருத்தினாள். கீறல்கள் கோட்டைத் தாண்டி ஓடின. இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு, ஒன்றுவிடாமல். இந்தக் குண்டு தமஞ்சாவிலிருந்தே வந்தது. யாதகிரியும் அங்கே சுட்டிருக்கிறானோ? தான்தான் பிடிவாதத்தில் எதையோ பார்க்காமல் விட்டுவிட்டோமோ?

குண்டை எடுத்து மூக்கைப் பார்த்தாள். மழமழவென்று இருந்தது. தேக்குப் பலகைக்குள் புகுந்த ஈயத்தின் மூக்கு அப்படி இருக்காது. திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கிருந்த சின்னக் குழியில் மரத்தூள் ஒரு துகள்கூட இல்லை. பஞ்சு இருந்தது. உருப்பெருக்கத்தில் அது பனி மூடிய ஒரு சிறிய நாடு போலத் தெரிந்தது. அதன் குறுக்கே பாதை போல ஒரு சிவப்பு நூல். மெத்தை உறையின் நூல்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேபில் குண்டைப் பழுதாகாமல் பிடிக்கப் பஞ்சுப்பெட்டியில் சுடுவதும் உண்டு என்று யாரோ பாதிக் கதை சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் நல்ல குண்டாக அனுப்பவேண்டும் என்று, மெத்தையை நிறுத்திவைத்துச் சுட்டிருக்கிறார்கள்.

டி.எஸ்.பி.க்கு போன் போட்டாள்.

"சார், அந்த மேடை என்ன மரம்?"

"டீக். நல்ல டீக்."

"டீக்குல பஞ்சு காய்க்குமா சார்?"

அவள் நிறுத்தாமல் தொடர்ந்தாள்.

"சிவப்பு உறை போட்ட மெத்தை. யார் வீட்டுதுன்னு தெரியல. தூக்கிப் போட்டுடாதீங்க, நடுவுல ஓட்டை இருக்கும். கோர்ட்டுல கேப்பாங்க."

"மேடம்." குரல் மெதுவாகிவிட்டது. "உங்க பொண்ணு மாதாப்பூர்லதானே வேலை? கேப்லதானே போவா?"

அவள் மேசையிலிருந்த பேனாவை எடுத்துத் திறந்தாள். "ஆமா சார். கேப் நம்பர் வேணுமா? நீங்க விசாரிச்சத தேதி, நேரத்தோட எழுதிக்கிறேன். ஒரு காப்பி உங்க ஐ.ஜி.க்கு, ஒரு காப்பி ஜட்ஜுக்கு." போனை வைத்ததும் உட்கார்ந்து எழுதினாள். அன்றைக்கே இரண்டு பதிவுத் தபால்களையும் அனுப்பினாள்.

மறுநாள் பத்து மணிக்கு டைரக்டரிடமிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது. எல்லய்யா கேஸை உமாசங்கரிடம் ஒப்படைக்கவும். உரிய படிவத்தில்.

அந்த உரிய படிவம் சாரங்கபாணியே கொண்டுவந்தது. பாதுகாப்புத் துறையில் ஊறியவர். பொருள் கைமாறினால் கொடுப்பவர் ஒவ்வொன்றின் நிலையையும் எழுதவேண்டும்; வாங்குபவர் ஒவ்வொன்றையும் தானே பரிசோதித்து, கண்டதை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். வந்த வருடம் போட்ட உத்தரவு. எல்லோரும் எல்லாக் கட்டத்திலும் 'நன்று' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

லூர்துமேரி ஒன்பது பக்கம் எழுதினாள். பள்ளங்களின் அகலம், சாய்வு, எண்ணிக்கை. பஞ்சு. சிவப்பு நூலின் நீளம். அனுப்பப்படாத கன்மேன் பிஸ்டல். ஒவ்வொன்றுக்கும் புகைப்படம், ஒவ்வொரு புகைப்படத்திலும் கையெழுத்து.

உமாசங்கர் பேனாவைத் திறந்துகொண்டே வந்தான். ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழன். அவளைவிடப் பத்து வயது சின்னவன். "எங்க மேடம் சைன்? சட்டுனு போட்டுட்டு சாய் குடிக்கப் போறேன்."

"நக்கோ, வேணாம்," என்றாள் அவள், ஊர் உருதுவில். "பாத்துட்டுப் போடு." ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"கைக்கு, எதுக்கு மேடம்? நீங்க பாத்தீங்கல்ல?"

"ஃபாரத்தப் படி. 'வாங்குபவர் தானே பரிசோதித்து'ன்னு போட்டிருக்கு."

"கண்ணாடி கொண்டுவரல."

"என்னுது இருக்கு. தரட்டுமா?"

அவன் உட்கார்ந்தான். முதலில் சும்மா குனிந்தான். பிறகு பேனாவை மூடிவைத்தான். விளக்கைச் சரிசெய்தான், குண்டை மெல்லச் சுழற்றினான். எவ்வளவு விளையாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் வேலை தெரிந்தவன். கண்ணை வைத்துவிட்டால் பார்க்காமல் இருக்க அவனால் முடியாது. இரண்டாவது குண்டைப் பார்க்க இருபது நிமிடம் எடுத்துக்கொண்டான்.

"முதல் குண்டுல எத்தன பள்ளம்?" என்றாள் லூர்துமேரி.

"மூணு தெரியுது. கணக்குப் போட்டா ஆறு." நிமிர்ந்தான். "இந்தப் பஞ்சு..."

"ஹவ், ஆமா. எழுது."

"நீங்கதான் எழுதிட்டீங்களே."

"நான் பாத்தத நான் எழுதினேன். நீ பாத்தத உன் கையால எழுது."

"இப்ப நான் இன்னா ரிப்போர்ட் குடுக்கறது மேடம்? என்னையும் சேத்துத் தூக்கி அடிப்பாங்க. வேற ஆளுக்கு மாத்துவாங்க."

"மாத்தட்டும். அவனும் இதே ஸ்டூல்ல உக்காந்து பாத்துட்டுத்தான் வாங்கணும். எத்தன கை மாறுதோ அத்தன சாட்சி."

உமாசங்கர் அவளையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்து, ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பினான். 'நன்று' என்று எங்கும் எழுதவில்லை.

பன்னிரண்டு மணிக்கு டைரக்டரே கீழே இறங்கி வந்தார். படிவத்தைப் புரட்டினார். ஒன்பது பக்கம் அவளுடைய கையெழுத்து, மூன்று பக்கம் அவனுடையது.

"இவ்வளவு எதுக்கு எழுதினேள்?"

"உங்க ஃபாரம் சார். அப்படித்தான் கேக்குது." லூர்துமேரி ஸ்டூலைத் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். "நீங்களும் ஒருவாட்டி பாத்துடுங்க. விளக்கு எரிஞ்சுகிட்டுதான் இருக்கு."

சாரங்கபாணி ஸ்டூலைப் பார்த்தார். கண்வில்லையில் தெரிந்த சிறிய வெளிச்ச வட்டத்தைப் பார்த்தார். முப்பது வருடம் கருவிகளோடு வாழ்ந்தவர். குனிந்தால் தெரிந்துவிடும்; தெரிந்துவிட்டால் எழுதவேண்டும். அவர் குனியவில்லை.

"இனிமே இத யாருக்கும் மாத்த முடியாது," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "உங்க பேர்லயே இருக்கட்டும். ரிப்போர்ட்ட அனுப்பிச்சுடுங்கோ. ஆனா ஒண்ணு, ஆர்டர் மேலேருந்து வந்துடும். என்னால தடுக்க முடியாது."

"வரட்டும் சார். நான் தடுக்கச் சொல்லலியே."

ரிப்போர்ட் மூன்று மணிக்குக் கோர்ட்டுக்குப் போனது. மாற்றல் உத்தரவு நாலரைக்கு வந்தது. லூர்துமேரி அதை நின்றபடியே படித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டாள்.

"ஸ்ரீகாகுளம் ரொம்ப தூரம் மேடம்," என்றான் உமாசங்கர். இப்போது அவன் சிரிக்கவில்லை. "இங்க நீங்க இருக்கக் கூடாதுன்னுதான் அவ்வளவு தூரம் போடறாங்க."

"தெரியாதா எனக்கு? ஆனா யாதகிரி கேஸ்ல சாட்சி சொல்ல கோர்ட் என்னத்தானே கூப்பிடணும்?" கைப்பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். "சம்மன் வரும். கவர்மென்ட்டே டிக்கெட் போட்டு, என்னக் கூட்டிகினு வரும்."