பஸ்ஸுக்கு முன்னால் ஒரு டிரைவர்

டிரைவரின் தொப்பை ஸ்டீயரிங்கைத் தொட ஆரம்பித்து வெகுகாலமாகிவிட்டது. சமீபத்தில் வளைவுகளில் வண்டியைத் திருப்புவதே அதுதான் என்று டிப்போவில் பேச்சு. மேனேஜர் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வர்ற அரை மாரத்தானை ஓடி முடிச்சுக் காட்டு. இல்லேன்னா டிக்கெட் கவுன்ட்டர்ல போய் உக்காரு. உன் வண்டி வேற ஆளுக்கு."

டிரைவர் கவுன்ட்டர் பக்கம் எட்டிப் பார்த்தார். அந்தக் கூண்டில் ஹாரன்கூடக் கிடையாதே!

மறுநாளே பயிற்சியில் இறங்கினார். வேறு வழி தெரியாததால், தினமும் பஸ் ஓட்டும் தடத்திலேயே ஓடினார். அவர் மூச்சிரைத்த சத்தத்தில் தெருநாய்கள் ஒதுங்கின, மாடி ஜன்னல்கள் படபடத்தன. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று இளைப்பாறி, பக்கவாட்டில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புவார். போகப்போகத் தொப்பை வற்றியது, மூச்சு வசப்பட்டது. ஸ்டாப்பில் நிற்பது மட்டும் காலோடு ஒட்டிக்கொண்டது.

"என்னங்க, ஓடப் போறீங்களா, சர்வீஸ் போறீங்களா?" என்று மனைவி கேட்டபோதே உறைத்திருக்க வேண்டும்.

போட்டியன்றுதான் உறைத்தது. கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு காலி பஸ் ஊர்ந்து வரும். அது யாரைத் தாண்டுகிறதோ அவர் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும், ஆட்டம் முடிந்தது. அதை ஓட்டியவன் மனைவியின் தம்பி. பிறந்ததிலிருந்து எதற்குமே நேரத்துக்கு வராதவன், அன்றைக்கென்று நிமிஷம் பிசகாமல் வந்தான்.

சாலை முழுக்க ஸ்டாப்புகள். நிழற்குடையைக் கண்டாலே டிரைவரின் கால் ஓரம்கட்டியது. கெஞ்சினார், தொடையில் அறைந்தார், கால் கேட்கவில்லை. முன்னால் ஓடியவர்கள் புள்ளியாகி மறைந்தார்கள். முதுகில் இன்ஜின் சூடு.

"மாமா! ஜன்னலோர சீட்டு போட்டு வச்சிருக்கேன், ஏறிக்குங்க!"

"வாயை மூடிட்டு ரோட்டைப் பாருடா!"

"மேனேஜர் எல்லைக்கோட்டுல நிக்கிறாரு மாமா. நான் வேணும்னே மெதுவாப் போனா, ரெண்டு பேருக்கும் கவுன்ட்டர்தான்." குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

டிரைவர் நடுக்கோட்டைப் பிடித்தார். ஓரத்தைப் பார்த்தால்தானே வம்பு! நாக்கு வறண்டது, கெண்டைக்கால் கல்லாக இறுகியது. எல்லைக்கோட்டின் பலூன்கள் கண்ணில் பட்டன.

அதற்கு முன்னால் கடைசி ஸ்டாப். இரண்டு பைகளோடு ஓர் அம்மாள் பஸ்ஸைப் பார்த்துக் கையை நீட்டினாள். நீட்டிய கையை டிரைவர் ஒருநாளும் விட்டுப்போனதில்லை. கால் பிரேக் போட்டேவிட்டது. பஸ்ஸின் மூக்கு அவர் முழங்கையை உரசாத குறை.

கவுன்ட்டர் கூண்டு கண்முன் வந்து நின்றது. அடித்தொண்டையிலிருந்து பீறிட்டது, நெரிசல் நேரத்தில் அவர் ஆயிரம் தடவை கத்திய அதே வாக்கியம்:

"பின்னால காலியா வருதும்மா, அதுல ஏறிக்குங்க!"

சொன்னதும் காலுக்குப் பூட்டு விட்டது. பாய்ந்தார்.

அந்த அம்மாள் நேராக பஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்றாள். மனைவியின் தம்பி கிரீச்சென்று பிரேக் போட்டான்.

"இது சர்வீஸ் வண்டி இல்லம்மா, வழிவிடுங்க!"

"ஏன், வண்டி காலியாத்தானே இருக்கு? கதவைத் திறப்பா!"

டிரைவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. கோட்டைத் தாண்டி, மேனேஜரின் காலடியில் மூட்டையாக விழுந்தார்.

"யோவ், பஸ் எங்கய்யா?"

"ஒரு ஸ்டாப் பின்னால வருது சார்."

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "சரி, நாளைக்குக் காலைல முதல் ட்ரிப் நீதான்."

டிரைவர் படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். "மத்தியான ஷிஃப்ட் ஏதாவது இருந்தாப் பாருங்க சார்..."