நெஞ்சில் ஒரு பக்கம் அசையவில்லை

கிடங்கில் இறுக்கிக் கட்டி அடுக்கியிருந்த துணிப் பேல்கள் சரிந்தபோது, சுமைதூக்கும் குழுவின் மேஸ்திரி லாரியின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார். தூசி அடங்கியதும் பார்த்தால், அவருடைய தங்கச்சி புருஷன் பேலுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கி நின்றான். நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"ஒண்ணுமில்ல மச்சான். பேலுக்கு என்மேல ஆசை, கட்டிப் பிடிச்சுக்கிச்சு," என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நிற்க, வலது விலாவைப் பிடித்துக்கொண்டான்.

கிடங்கு வாசலில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று ஒரு பலகை உண்டு. அன்றைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. விபத்து நடந்து அந்த எண்ணை அழிக்கவைத்த குழுவை அடுத்த மாதம் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் யாருக்கு அடிபட்டாலும் தைலம் தேய்த்து, சோடா வாங்கிக் கொடுத்து, வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிடுவது அங்கே வழக்கம். இருபது குடும்பத்து அடுப்பு எரியவேண்டுமே என்று மேஸ்திரி மனதைத் தேற்றிக்கொள்வார்.

இந்தத் தடவை தைலம் தேய்த்தும் மூச்சிரைப்பு நிற்கவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் பாடம் நடத்தினார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு மாப்ள. வேற எதையும் உளறி வெக்காத."

அவசரப் பிரிவில் ஒரே கூட்டம். நர்ஸ் கேட்டதும் மேஸ்திரியே முந்திக்கொண்டு பொய்யைச் சொன்னார். நடந்து வந்த ஆள், வெளிக்காயமும் இல்லை. "அந்த பெஞ்சுல உக்காருங்க, கூப்புடுறோம்," என்றாள்.

அரை மணி நேரம் போயிருக்கும். மாப்பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது.

"மச்சான்... காத்து... பத்தல..."

சொல்லிக்கொண்டே பெஞ்சிலிருந்து சரிந்தான். மேஸ்திரி போட்ட கூச்சலில் டாக்டரம்மா ஓடிவந்தார். படுக்கவைத்து, சட்டையைக் கிழித்து, ஸ்கேன் கருவியை நெஞ்சில் வைத்தார்.

"இடது பக்கம் நுரையீரல் மூச்சோட நகருது. வலது பக்கம் அசையவே இல்ல. உள்ள காத்து அடைச்சு அமுக்குது. கீழ கறுப்பா தேங்கியிருக்கிறது ரத்தம்." சட்டென்று மேஸ்திரி பக்கம் திரும்பினார். "வழுக்கி விழுந்த அடியா இது? இவர் மேல என்ன விழுந்துச்சு?"

மேஸ்திரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"வாயத் தொறங்கய்யா! உயிரு போயிட்டிருக்கு!"

"பேலும்மா... ரெண்டு பேலு. ஒண்ணொண்ணும் நூத்தம்பது கிலோ. ஒரு மணி நேரமாச்சு."

டாக்டரம்மா விலாவுக்கு மேலே ஊசியைக் குத்தினார். சைக்கிள் டியூபின் வால்வைப் பிடுங்கியதுபோல் காற்று சீறியது. பிறகு குழாயைச் செருக, ரத்தம் குபுகுபுவென்று கொட்டியது. மேஸ்திரி குழாயில் இறங்கும் ரத்தத்தையே பார்த்தார். இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா சிரித்தான்?

மூச்சு சீரானதும் டாக்டரம்மா கருவியை வயிற்றுக்கு நகர்த்திப் பார்த்தார். "வயித்துல ஒண்ணும் தெரியல, தப்பிச்சாரு. வந்ததும் உண்மையச் சொல்லியிருந்தா முதல் நிமிஷமே இந்த மிஷினை வெச்சிருப்போம். இன்னும் பத்து நிமிஷம் தாண்டியிருந்தா பொணத்துக்குத்தான் ஸ்கேன் எடுத்திருக்கணும்."

அந்நேரம் கிடங்கு சூப்பர்வைசர் போனில் வந்தார். "பாத்ரூம்னுதானே எழுதுனீங்க?"

"இல்லைங்க. பேலு விழுந்துச்சுன்னு எழுதச் சொல்லிட்டேன். என் தங்கச்சி தாலிய நானே அறுக்கப் பாத்தேன். ரத்தம் வெளிய வரலைன்னா அடியே படலைன்னு நெனைக்கிறது முட்டாள்தனம். அடிபட்டவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டு டாக்டர்கிட்ட பொய் சொல்றது கொலைங்க. வேலை போனா வேற வேலை தேடிக்குறோம்," என்றார் மேஸ்திரி.