பதினோரு வருடப் பின்சீட்டு

அண்ணனின் முதுகு எனக்கு மனப்பாடம். பதினோரு வருடமாக அவன் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போனேன். எந்தச் சட்டையின் காலர் நைந்திருக்கிறது, அவன் முடி வெட்டி எத்தனை நாளாகிறது, எல்லாம் சொல்வேன். தோளுக்கு மேல் எட்டிச் சாலையைப் பார்த்தால், "ஆடாம உக்காரு பாப்பா" என்பான். பாப்பாவுக்கு வயது முப்பத்தாறு.

எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கையில் ரப்பர் பட்டை கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, ரத்தம் எடுப்பேன். குழந்தைகளுக்குக்கூட ஒரே குத்துதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

போன மாதம் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கேட்டுக் கேட்டு வாங்கிய வேலை. முதல் நாளே சொதப்பல். சர்க்கரை பார்ப்பதற்காக ஒரு பெரியவர் விடிந்ததிலிருந்து காலி வயிற்றோடு காத்திருந்தார். அண்ணன் சவரம் செய்து, பேப்பர் படித்து, டீயை ஆற ஆறக் குடித்து என்னைக் கொண்டுபோய் விட்டபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். பெரியவர் கை நடுங்க நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். அவர் மகள் என்னைத் திட்டிய ஒவ்வொரு சொல்லும் நியாயம்.

மேனேஜர் அம்மா கூப்பிட்டனுப்பினார். "உன் கை நல்ல கைதான். ஆனா உன் நேரம் உன் கையில இல்லையே. ஒண்ணாம் தேதியிலேருந்து சொந்த வண்டியில வரணும். இல்லன்னா வேற ஆளப் போட்டுருவேன்."

அண்ணனிடம் சொன்னேன். "உனக்கெதுக்கு வண்டி? அதான் நான் இருக்கேன்ல" என்றான். அவன் இருப்பதுதான் பிரச்சினை என்று எப்படிச் சொல்வது?

சொல்லாமலே செய்தேன். பழகுநர் உரிமம் வாங்கி, லீவு போட்டுப் பயிற்சிப் பள்ளியில் ஓட்டிப் பழகினேன். அந்த உரிமத்தில், முன்னும் பின்னும் 'எல்' பலகை மாட்டித் தனியாக ஓட்டலாம். பின்னால் மட்டும் யாரையும் ஏற்றக்கூடாது. சேமிப்பைத் துடைத்தெடுத்து ஒரு நீல ஸ்கூட்டருக்குப் பணம் கட்டினேன். வண்டி எடுக்கும் நாளில் அண்ணன் எப்படியோ தெரிந்துகொண்டு தானாகவே கூட வந்து நின்றான். கடைக்காரர் இரண்டு சாவி கொடுத்தார். ஒன்றை அவன் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "பத்திரமா இருக்கட்டும்." வாங்கிய அன்றே சண்டை வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இன்சூரன்ஸ் ஆபீசுக்கும் வந்தான். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்தபடி கேட்டாள். "வண்டிய யாரு ஓட்டுவாங்க?"

"என் பேரப் போடுங்க" என்று முந்திக்கொண்டான். "இருபது வருஷமா ஓட்டுறேன். இது நேத்து பழகுன பொண்ணு. என் பேருன்னா தொகையும் கொறையும்ல?"

"கொறையும் சார். ஆனா ஓட்டுறவங்க பேரு வேற, பாலிசியில பேரு வேறன்னா, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா கைவிரிச்சுருவாங்க."

"ஓட்டப்போறது நான். என் பேரப் போடுங்க" என்றேன். "வேலைக்குத்தான் ஓட்டுவேன், அதையும் போடுங்க."

"வேற யாராவது ஓட்டுவாங்களா மேடம்?"

அண்ணன் தொண்டையைக் கனைத்தான்.

"யாரும் ஓட்ட மாட்டாங்க."

அவன் முகம் தொங்கிப்போய்விட்டது. தொகை கூடத்தான் செய்தது. அந்தக் காகிதத்தில் என் பெயரைப் பார்த்தபோது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்து பார்த்தால் வண்டியைக் காணோம். தெருமுனை வரை செருப்பில்லாமல் ஓடினேன். எதிரே அண்ணன் என் வண்டியில் காய்கறிப் பையோடு ஆடி அசைந்து வந்தான்.

"சும்மாதானே நின்னுச்சு" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் நேராகப் பூட்டுக் கடைக்குப் போனேன். முன்சக்கரத்து டிஸ்க் பிரேக் தகட்டின் ஓட்டையில் மாட்டுகிற பூட்டு ஒன்று வாங்கினேன். மாட்டிவிட்டால் சக்கரம் ஒரு சாண் உருள்வதற்குள் இடித்து நின்றுவிடும். அதன் இரண்டு சாவியும் என் கைப்பைக்குள் போயின. வீட்டில் நான் அதை மாட்டுவதை அண்ணி பார்த்தாள், சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

ஒன்றாம் தேதி வந்தது. சீக்கிரமே கிளம்பி, ஊசிப் பெட்டியைக் காலடியில் வைத்து, ஹெல்மெட் மாட்டினேன். அண்ணன் டீ கிளாசோடு படியில் நின்றான். மேல்வீட்டு அம்மாவும் எட்டிப் பார்த்தார். சாவியைத் திருப்பி, ஆக்சிலேட்டரை முறுக்கினேன். வண்டி ஒரு சாண் நகர்ந்து, டங்கென்று நின்று, என்னையும் சேர்த்துச் சாய்ந்தது. நானே மாட்டிய பூட்டை நானே கழற்ற மறந்திருந்தேன்.

"யாருக்குப் பூட்டு போட்ட பாப்பா?" அண்ணன் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. "சரி சரி, சாவியக் குடு. பின்னால ஏறு, நானே விடுறேன்."

முட்டியில் ரத்தம். கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைவிட அவமானம். ஆனால் ஏறினால் இன்னும் பதினோரு வருடம் இறங்க மாட்டேன் என்று தெரிந்தது. வண்டியை நிமிர்த்தினேன். பூட்டைக் கழற்றினேன். அவனைப் பார்க்காமலே கிளம்பினேன். வண்டி நேராகத்தான் போனது.

முதல் வீடு அதே பெரியவர். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே போய் மணி அடித்தேன். அவர் என் முட்டியைப் பார்த்தார். "ரத்தம் எடுக்க வந்தியா, குடுக்க வந்தியாம்மா?" என்றார். ஒரே குத்தில் எடுத்தேன். அன்றைக்கு ஏழு வீடு. சாயங்காலம் மேனேஜர் அம்மா அடுத்த வாரப் பட்டியலை என் கையிலேயே கொடுத்தார்.

அன்றிலிருந்து பூட்டை மாட்டினால் ஒரு பழைய ரப்பர் பட்டையைப் பூட்டிலிருந்து பிரேக் பிடி வரை இழுத்துக் கட்டிவிடுகிறேன். பிரேக்கில் கையை வைத்தாலே பட்டை தட்டுப்படும். பிறகு ஒரு நாளும் மறக்கவில்லை.

வியாழக்கிழமை அண்ணன் பைக் பஞ்சர். கண்ணாடிக் கடையில் வேலை அவனுக்கு. கடைச் சாவி அவனிடம், அவன் போனால்தான் கடை திறக்கும். நான் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஓடி வந்தான்.

"பாப்பா, வண்டியக் குடு. அவசரம்."

"பாலிசியில உன் பேரு இல்லண்ணே."

"சரிம்மா தாயே, நீயே கொண்டு போய் விடு." காலைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார்ந்தேவிட்டான்.

"எறங்குண்ணே. எல் போர்டு. பின்னால யாரையும் ஏத்தக்கூடாது."

"அடியே, நான் உன் அண்ணன்!"

"யாரா இருந்தாலும்."

இறங்கினான். நான் கிளம்பினேன். வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் அவன் தெரிந்தான். பதினோரு வருடம் முதுகையே பார்த்தவள், இப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. வாய் பாதி திறந்தபடி, போகிற என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. முதல் வீட்டில் ஒருவர் காலி வயிற்றோடு காத்திருந்தார்.